ஆறு போத்தலுக்குப் பயந்த கொம்பனி

எழுதிப் பழகாத கை என்னுடையது. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. பிழைகள் இருக்கும், ஞாபகமும் முந்தியைப் போல இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பிரிட்ஜை நினைத்தால், பேரப்பிள்ளை கண்ட இந்த வயதிலும் எனக்குக் கோபம் வருகிறது.

எண்பத்தாறாம் ஆண்டாக இருக்கலாம். எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவும் ஐயாவும் ஊரில் நிற்க, என்னைப் பெரியம்மாவோடு பேர்லினுக்கு அனுப்பியிருந்தார்கள். அகதிகள் விடுதியில் எங்களுக்கு ஓர் அறை. பெரியம்மா ஊரில் மகனைப் பறிகொடுத்தவள். வந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். சோறு போட்டுக் கொடுத்தால் சாப்பிடுவாள், அவ்வளவுதான்.

பேர்லினிலேயே நொய்கெல்ன் என்ற பகுதியில் சித்தப்பாவுக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. கோடை வெக்கையில் ஒருநாள் பெரியம்மா என்ன நினைத்தாளோ, எழும்பி இஞ்சி இடித்து, தேசிக்காய் பிழிந்து, சீனி கரைத்து, ஆறு போத்தலில் ஊற்றிக் கடையின் பழைய பிரிட்ஜில் கொண்டுபோய் வைத்தாள். பின்னேரம் ஒன்றுகூட மிச்சமில்லை.

"அக்கா, உங்கட தண்ணிக்குச் சனம் சண்டை பிடிக்குது" என்றார் சித்தப்பா.

மறுநாள் நான் கண் விழிக்கமுதல் அவள் தலை இழுத்து முடிந்துகொண்டு நின்றாள். "எழும்படி பிள்ளை, இஞ்சி வாங்கப் போக வேணும்." மாதக்கணக்கில் அவளாகப் பேசிய முதல் பேச்சு அது.

இரண்டு மாதம் அப்படிப் போனது. பிறகு டை கட்டிய ஒரு ஜெர்மன்காரர் கடைக்கு வந்தார். பெரிய அமெரிக்கச் சோடாக் கொம்பனியின் ஆள். விடுதிப் பிள்ளைகளோடு விளையாடி நான் ஜெர்மன் பேசப் பழகியிருந்ததால், மொழிபெயர்ப்பு என் வேலை. கண்ணாடிக் கதவு வைத்த புதுப் பிரிட்ஜ் ஒன்று சும்மா தருவார்களாம், பழையதைத் தாங்களே ஏற்றிக்கொண்டு போவார்களாம், உள்ளே தங்கள் சோடாவைத் தவிர வேறொன்றும் வைக்கக்கூடாதாம். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன்.

சித்தப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அமெரிக்காக்காரன் நியாயமானவன் அக்கா. அங்க கெட்டிக்காரன் ஆரோ அவன் முன்னுக்கு வருவான்."

"வேறொண்டும் வைக்கேலாதெண்டு பிள்ளை சொல்லுதே, தம்பி?"

"அது வெளியாக்களின்ர போத்தலுக்குச் சொல்லுறது. நீங்கள் வீட்டு ஆளெல்லோ."

கையெழுத்து வைத்தார். வந்த பிரிட்ஜுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, பிள்ளையார் படம் ஒட்டி, ராசியான கையென்று பெரியம்மாவின் ஆறு போத்தலையும்தான் முதலில் உள்ளே அடுக்கினோம்.

இரண்டு கிழமையில் டைக்காரர் திரும்பி வந்தார். கதவைத் திறந்து அந்த ஆறையும் ஒவ்வொன்றாக எடுத்து நிலத்தில் வைத்தார். பிள்ளையாரையும் உரித்தார். இனிமேல் கண்டால் பிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம் என்றார். பழைய பிரிட்ஜும் போய்விட்டதால் வாசலடி வெயிலில் வைத்த இஞ்சித் தண்ணீர் மத்தியானத்துக்கிடையில் புளித்தது. நாலு நாள் சனம் வாங்கிப் பார்த்தது. "அக்காவின்ர கை மாறிப்போச்சு" என்றார் ஒருவர், புளித்ததைத் துப்பிவிட்டு. பெரியம்மாவின் காதில் விழத்தான் சொன்னார்.

அடுத்த முறை டைக்காரர் சோடா அடுக்க வந்தபோது அவருக்காகவே காத்திருந்தவள் போலப் பெரியம்மா எழுந்து நின்றாள். என் கையைப் பிடித்தாள். "இவரின்ர கொம்பனி உலகம் முழுக்க விக்குதாம். என்ர ஆறு போத்தலைக் கண்டு ஏன் பயப்பிடுது? கேளடி."

அவர் அப்போதுதான் என் கையில் ஒரு குளிர்ந்த சோடாவைத் தந்திருந்தார். பெரியம்மா என்ன சொல்கிறாள் என்று சிரித்தபடி என்னிடம் கேட்டார்.

"நன்றி சொல்லுறா" என்று ஜெர்மனில் சொன்னேன்.

அவர் பெரியம்மாவுக்குத் தலை குனிந்து வணக்கம் வைத்துவிட்டுப் போனார். அவள் போத்தல்களைக் கழுவிக் கவிழ்த்தாள். மறுநாள் இஞ்சி வாங்கப் போக என்னை எழுப்பவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

எங்களுக்கு அந்த நாட்களில் எல்லாவற்றுக்கும் சட்டம் இருந்தது. பேர்லினை விட்டு வெளியே ஓர் எட்டு வைக்க வேண்டுமென்றாலும் அன்ராக் என்ற விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஊரான் கடைக்குள் வந்து ஒருத்தியின் போத்தலை எடுத்து நிலத்தில் வைக்கிறவருக்கு மட்டும் ஒரு தாளும் ஒரு கையெழுத்தும் போதுமா? கேட்டால் போட்டி என்பார்கள். இஞ்சித் தண்ணீரையும் சோடாவையும் ஒரே குளிரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சனத்தை எடுக்க விட்டிருந்தால் அது போட்டி. பெரிய கொம்பனிகள் இப்படிச் சின்ன ஆட்களை நசுக்கக்கூடாதென்று அமெரிக்காவிலேயே அந்தக் காலத்திலேயே சட்டம் இருந்தது என்று மகள் சொல்கிறாள். இருந்ததென்றால் எங்கள் கடை வாசல்வரை அது ஏன் வரவில்லை?

அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. சனத்துக்குச் சோடாதான் பிடித்திருக்கிறது, பெரியம்மா தோற்றுப்போய்விட்டாள் என்று விடுதிப் பிள்ளைகளிடம் நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவளிடமும் சொன்னேன். அவள் ஓம் என்றாள்.

எந்த ஆண்டு, அந்தச் சட்டம் என்ன என்பதையெல்லாம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். நான் நன்றி என்று சொன்னதை மட்டும் அப்படியே விடுங்கள். அது பிழையில்லாமல் ஞாபகம் இருக்கிறது.