தவிட்டுக்கு வந்த பேர்

என் பேர் தவிட்டாயி. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். பதுளையில் ஆஸ்பத்திரியோ பாங்கோ, எங்கே இந்தப் பேரைச் சொன்னாலும் எதிரில் இருக்கிறவர் தலையைத் தூக்கிப் பார்ப்பார். "எப்படி?" என்று இன்னொரு தரம் கேட்பார். நானும் இன்னொரு தரம் சொல்வேன். இத்தனை வயசுக்கும் இதே கூத்துதான்.

இந்தப் பேருக்கு எந்தக் காலத்திலும் மவுசு இருந்ததில்லை. பசறைப் பாதையில் நான் பிறந்த தோட்டத்தில் மாரியாயி என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். என் பேரைக் கூப்பிட்டால் நான் மட்டும்தான் திரும்புவேன். வெலிமடைப் பக்கம் தவிடன் என்று ஒரு கிழவர் இருந்ததாகக் கேள்வி. போய்ப் பார்க்க ஆசை இருந்தது, வாய்க்கவில்லை. இப்போது பிள்ளைகளுக்கு வாயில் நுழையாத பேராகத் தேடித் தேடி வைக்கிறார்கள். என் பேரைத் தேடி யாரும் வரவில்லை. வரவும் வேண்டாம். அந்தப் பேர் வேண்டியிருக்கிற வீட்டில் அதற்கு முன்னால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மதுரைப் பக்கமிருந்தும் திருச்சிப் பக்கமிருந்தும் இலங்கைத் தேயிலைக்கு வந்தவர்கள் தட்டுமுட்டோடு இந்த வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். ஒருத்திக்குப் பிறக்கிற பிள்ளையெல்லாம் தங்காமல் போனால், அடுத்ததைப் பெற்ற கையோடு முறத்தில் கிடத்தி வேறொருத்திக்கு விற்றுவிட வேண்டும். விலை, மாட்டுக்குப் போடுகிற தவிடு. அதற்கப்புறம் பிள்ளை வாங்கினவளுடையது; ஆளான பிறகு அதே தவிட்டைத் திருப்பிக் கொடுத்துத்தான் மீட்க முடியும். எமன் வந்து தேடினாலும் பெற்றவள் வீட்டில் அவள் பிள்ளை கிடையாது. போகட்டும், தவிட்டுக்கு விலைபோனதைத் தூக்கிக்கொண்டு போய் என்ன செய்வது என்று அவனும் விட்டுவிடுவான். அதுதான் கணக்கு. எல்லார் வீட்டிலும் பிள்ளைகளைச் சீண்டுவதற்கு, "ஒன்னைய தவுட்டுக்குத்தான் வாங்குனோம்" என்பார்கள். மற்றப் பிள்ளைகள் அழுதுவிட்டு மறந்துபோகும். எனக்கு அது நிஜம்.

எனக்கு முன்னால் மூன்று பேர். மூன்றும் ஓடைக்கு மேலே தேயிலைக்கு அடியில் கிடந்தன. அந்த மலையில் கொழுந்து எடுக்கிற நாளில் என்னைப் பெற்றவள் ஓடைப் பக்கத்து நிரையில் நிற்கமாட்டாள். கங்காணி சத்தம் போட்டாலும் நிற்கமாட்டாள். நாடு சுதந்திரம் வாங்கிய வருஷம் நான் பிறந்தேன். பிறந்த அன்றே என்னை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த அறைக்கு, அடுத்த காம்பராவுக்கு, விற்றுவிட்டார்கள்.

வாங்கினவளுக்குப் பிள்ளை இல்லை. வாய் மட்டும் ஏழு பிள்ளை பெற்றவள் வாய். என்னைப் பெற்றவளுக்கு மதினி முறை. இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். நான் வளர்ந்தது, படுத்தது எல்லாம் பெற்றவளிடம். ஆனால் பெற்றவளை நான் "அக்கா" என்றுதான் கூப்பிட வேண்டும். "அம்மா" என்றால் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள். அப்பாவை அப்பா என்றே கூப்பிடலாம். பயமெல்லாம் பெற்ற வயிற்றின் மேல்தான்.

தினமும் சாயங்காலம் ஒரு நாடகம் நடக்கும். பெற்றவள் சோற்றைத் தட்டில் போட்டு வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கத்துவாள்:

"மதினி, ஒங்க புள்ளைக்குச் சோறு போடவா?"

"போடு, போடு. அந்தக் கழுதை தின்னு என்னத்தக் கிழிக்கப் போகுது!" என்று அங்கிருந்து பதில் வரும்.

அந்தப் பதில் வந்த பிறகுதான் தட்டு என் கைக்கு வரும். வாங்கினவள் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தால் சோறு ஆறிப்போனாலும் காத்திருக்க வேண்டும். பசியில் நான் கத்துவேன். "சும்மா இரு, யாருக்காவது கேட்டுறப் போகுது" என்பாள் பெற்றவள். யாருக்கு என்று நான் கேட்டதில்லை. அவள் கதவைப் பார்க்கிற பார்வையே போதும், நான் வாயை மூடிக்கொள்வேன்.

என்னை விற்ற தவிடு ஒரு பால்மா டின்னில் அடுப்புக்கு மேலே இருந்தது. அதைச் சமைக்கக் கூடாது, கொட்டக் கூடாது. வண்டு வைத்தால் வெயிலில் காயவைத்துத் திரும்ப அள்ளி வைக்க வேண்டும். ஒருநாள் அப்படிக் காய்ந்துகொண்டிருந்தபோது லயத்துக் கோழி ஒன்று வந்து கொத்திவிட்டது. பெற்றவள் ஓடிப்போய்க் கோழியைப் பிடித்து, அதன் வாயைப் பிளந்து விரலை விட்டுப் பார்த்தாள். வாயில் ஒன்றும் இல்லை. கோழியை மடியில் வைத்துக்கொண்டு, "போச்சே, போச்சே" என்று அழுதாள். என் ஆயுசில் எவ்வளவைக் கோழி தின்றுவிட்டது என்று எனக்குத் தெரியவில்லை. நான் நெஞ்சில் கையை வைத்து அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

வாங்கினவள் வெளியே வந்து பார்த்தாள். உள்ளே போய் ஒரு பிடி தவிட்டைக் கொண்டுவந்து குவியலில் போட்டாள். "அடி கூறுகெட்டவளே, கொறைஞ்சா நெரப்பிக்க வேண்டியதுதானே? வாங்குனவ நானு உசுரோட இருக்கேன்ல?" என்றாள். பெற்றவள் அழுகையை நிறுத்தினாள். கோழி தப்பித்து ஓடியது.

பள்ளிக்கூடத்து வாத்தியார் யாழ்ப்பாணத்து மனுஷர். என்னைச் சேர்த்த அன்று பேரைக் கேட்டுவிட்டு, "உதென்ன பேர் பிள்ளை? தவமணி எண்டு கூப்பிடுவம், வடிவா இருக்கும்" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிவந்து வீட்டில் சொன்னேன். பெற்றவள் முகம் வெளுத்துவிட்டது. மறுநாள் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகாமல் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றாள்.

"சாமி, நல்ல பேரு வேணாங்க. நல்ல பேரு வச்சா தங்காதுங்க. இது பக்கத்து வீட்டுப் புள்ளைங்க, பாத்துக்கிறது எம் பொறுப்புங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. வாத்தியார் எழுந்து வாசலுக்கு வந்தார்.

"அழாதேங்கோ அம்மா. அந்தப் பேரே கிடக்கட்டும்" என்றார்.

தவமணி என்ற பேர் என்னிடம் ஒரு ராத்திரி இருந்தது. போனது போனதுதான்.

எனக்குப் பதினொரு வயசு நடக்கும்போது வாங்கினவளும் அவள் புருஷனும் இந்தியாவுக்குப் போவதென்று முடிவானது. ஓட்டும் இல்லை, பிரஜாவுரிமை கேட்டதும் கிடைக்கவில்லை, அதற்கு முந்தின வருஷம் ஊரெல்லாம் தமிழர்களுக்கு அடிவிழுந்தது என்று வந்த செய்தியில் அந்த மனுஷருக்கு மனசு விட்டுப்போனது. திருச்சிப் பக்கம் அவர் தம்பி இருந்தான். வரச் சொல்லி ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தான்.

அன்றைக்கு எங்கள் காம்பராவில் யாரும் சாப்பிடவில்லை. என்னைத் திரும்ப மீட்டுக்கொள்ளலாம் என்றார் அப்பா. "இன்னும் பெரியமனுசி ஆகல. அதுக்கு முன்னால மீட்டா மறுபடி எம்புள்ள ஆயிரும். மூணு போனது பத்தலையா?" என்று பெற்றவள் சீறினாள். மீட்காவிட்டாலோ, நான் வாங்கினவள் பிள்ளை. வாங்கினவள் கடல் தாண்டிப் போனால் எனக்குக் காவல் யார்? மீட்டாலும் பயம், விட்டாலும் பயம். அப்பா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வாங்கினவள் புருஷன் கேட்டது எனக்குக் கேட்டது.

"புள்ளைய என்னா செய்யப் போற?"

"எம்புள்ளைய எனக்குப் பாத்துக்கத் தெரியும். நீ ஒஞ் சோலியப் பாரு."

கூட்டிக்கொண்டு போகப்போகிறாள். கடல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. பதுளை ஓயாவில் வெள்ளம் வந்தது தெரியும், அதுவே போதும். அடுத்த வாரம் பெற்றவள் எனக்குப் புதுக் கவுன் தைக்கக் கொடுத்தாள். தீபாவளியும் இல்லை, பொங்கலும் இல்லை. "எதுக்குக்கா?" என்றேன். அவள் என் தலையில் எண்ணெயை வைத்து அழுத்தித் தேய்த்தாள். அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. எங்கேயாவது நான் உயிரோடு இருந்தால் போதும் என்று முடிவெடுத்துவிட்டாள். வேறொருத்தியின் பிள்ளையைக் கடவுச்சீட்டு ஒன்றும் இல்லாமல் கப்பல் ஏற்றமுடியாது என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு எங்கள் லயத்தில் யாருக்குத் தெரியும்? விற்றால் விற்றதுதான்.

போகிற நாள் காலையில் பஸ் ஏறிப் பதுளை ஸ்டேஷனுக்கு வந்தோம். புதுக் கவுனில் நான். என் பழைய உடுப்பெல்லாம் ஒரு மூட்டையாகப் பெற்றவள் இடுப்பில். இன்னொரு கையில் அந்தப் பால்மா டின். பதுளையோடு தண்டவாளம் முடிந்துவிடும். ரயில் வந்த வழியே திரும்பித்தான் போகும். நின்றுகொண்டிருந்த ரயிலைப் பார்த்ததும் நான் பெற்றவளின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். பெற்றவள் என்னை முன்னால் தள்ளினாள்.

"மதினி, ஒங்க புள்ள" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வாங்கினவள் என்னையும் பார்த்தாள், மூட்டையையும் பார்த்தாள், டின்னையும் பார்த்தாள். "அதை எதுக்குடி தூக்கியாந்த?" என்றாள்.

"ஒங்க தவுடு. ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

"சீ, எட்ட வையி! அதை நான் தொட்டா வித்தது முறிஞ்சு போகும்." இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டாள். பிறகு ஸ்டேஷன் வாசலைப் பார்த்தாள். அங்கே மூட்டை இறக்க வந்த மாட்டுவண்டி ஒன்று நின்றது. மாடுகளுக்கு முன்னால் ஒரு பழைய வாளியில் தீவனம் வைத்திருந்தார்கள். "போ. அந்த வண்டிக்காரன்கிட்டக் கேட்டு ஒரு கை தவுடு வாங்கியா. ஓடு!"

பெற்றவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் மூட்டையையும் டின்னையும் கீழே வைத்துவிட்டு ஓடினாள். வண்டிக்காரர் சிங்களவர், அவள் சைகையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எடுத்துக்கொள் என்று தலையை ஆட்டினார். அவள் ஈரத் தவிட்டைக் கையில் பொத்திக்கொண்டு திரும்பி வந்தாள். அதற்குள் வாங்கினவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, முன்பின் தெரியாதவளைப் போல நின்றாள்.

"யாரும்மா நீ? எந்தத் தோட்டம்?" என்று சத்தமாகக் கேட்டாள். பிளாட்பாரத்தில் எல்லாரும் திரும்பினார்கள்.

பெற்றவள் விழித்தாள். "மதினி..."

"மதினியாவது கிதினியாவது! எனக்கு ஒன்னைய தெரியாது. ஊருக்குப் போறேன், இந்தக் கழுதையக் கட்டிச் சொமக்க முடியாது. நெறமும் இல்ல, வடிவும் இல்ல. தின்னுற சோத்துக்கு வேலையும் செய்யாது. வேணும்னா வெலைக்கு எடுத்துக்க. என்னா கொண்டாந்திருக்க?"

பெற்றவள் கையை விரித்துக் காட்டினாள்.

"தவுடா? இதுக்கு அதுவே சாஸ்தி" என்று சொல்லி வாங்கினவள் அந்தத் தவிட்டை வழித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். என் கையைப் பெற்றவள் கையில் வைத்தாள். கிட்டே போய்க் குரலைத் தாழ்த்தினாள். எனக்கும் கேட்டது. "மீட்டாத்தான்டி பயம். நீ மீட்கல. யாரோ ஒரு பொம்பளகிட்டத் தவுட்டுக்கு வாங்கியிருக்க. இது நீ பெத்ததே இல்ல, வாங்குனது. வாங்குனவள என்னான்னு கூப்புடும்?"

விசில் ஊதியது. வாங்கினவள் ஏறிக்கொண்டாள். அவ்வளவு வாய் பேசியவள் ஜன்னலில் முகத்தைக் காட்டவில்லை. முந்தானை முடிச்சைப் பிடித்திருந்த அவள் கையை மட்டும்தான் பார்த்தேன். ரயில் தெமோதரைப் பக்கம் போய் மறைந்த பிறகும் நான் "அம்மா" என்று கூப்பிடவில்லை; யாரை அப்படிக் கூப்பிடுவது என்றே எனக்குத் தெரியவில்லை. வாங்கினவளிடமிருந்து அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் பெற்றவள் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். மூட்டை அவள் மடியில், டின் என் மடியில். ஒரு வளைவு, இரண்டு வளைவு. அவள் என்னைப் பார்ப்பதும் வெளியே பார்ப்பதுமாக இருந்தாள். எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். கூப்பிட்டால் அந்த நேரத்திலேயே செத்துப்போவேன் என்றுதான் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. ஓடைக்கு மேலே கிடக்கிற மூன்று பேரும் நினைவுக்கு வந்தார்கள். அவர்களில் ஒன்றுக்காவது அந்தச் சொல்லைச் சொல்கிற வயசு வந்ததா என்று தெரியவில்லை.

எங்கள் தோட்டத்து முடக்கு தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, "அம்மா, எறங்கணும்" என்றேன்.

அவள் திடுக்கிட்டு என் வாயைப் பொத்தினாள். அந்தக் கையில் இன்னும் மாட்டுத் தவிட்டின் வாடை இருந்தது. பஸ்ஸில் முன்னும் பின்னும் பார்த்தாள், யாரும் கவனிக்கவில்லை. பிறகு கையை எடுத்துவிட்டுக் குனிந்து, தன் காதை என் வாயருகில் கொண்டுவந்தாள்.

"சத்தமா வேணாம். இதுல சொல்லு" என்றாள்.