தலைக்கவசத்துக்குக் கீழே ஒரு கம்பளித் தொப்பி

1. காது

எண்பதுகளின் நடுவில், பாரிசில் பழைய துணிகளைப் பேணும் பட்டறை ஒன்றில் உதவியாளாகச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆனாலும் ரோமானியர் கம்பளித் தொப்பி போட்டார்கள் என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. ரோமானியர் ஆண்ட எகிப்தின் பாலைவனக் குப்பைமேட்டில், மழை படாததால் உக்காமல் கிடந்த தொப்பி ஒன்று எங்கள் மேசைக்கு வந்தது. பழைய உடுப்புகளை வெட்டி, பச்சையும் சிவப்புமாய் முக்கோணத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது.

அதைக் கண்காட்சியில் வைக்கப் பஞ்சு அடைத்த துணித் தலை ஒன்று நான் செய்யவேண்டும். சரியாக அமைந்தால் கொந்திரா, நிரந்தர வேலை ஒப்பந்தம். இல்லாவிட்டால் மறுபடி உணவகத்தில் கோப்பை கழுவ வேண்டியதுதான்.

பாரிசில் எங்கள் தமிழர் கூடும் லா சப்பலில் குளிருக்கு நாங்கள் தொப்பியைக் காது மூட இழுத்துத்தான் போடுவோம். அந்த நினைப்பிலேயே துணித் தலையைக் காதுவரை அகட்டிச் செய்துவிட்டேன். பொறுப்பாளர் மதாம் தொப்பியை அதில் வைக்கவே விடவில்லை.

"இழுத்தால் தையல் போய்விடும். இதைப் போட்டவனுக்குக் காது குளிர்ந்தது என்று யார் சொன்னது?" என்று கேட்டுவிட்டுப் பூதக்கண்ணாடியைத் தந்தார். "எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்."

விளிம்பு நன்றாக இருந்தது. உச்சியைச் சுற்றித்தான் வளையமாகத் தேய்ந்து நூல் தெரிந்தது. உள்ளே வியர்வைக் கறை. அதில் ஒட்டியபடி ஒரு தலைமயிர், நரைத்தது. எனக்கு அதைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

"படைவீரனாக இருந்தால் மேலே இரும்புத் தலைக்கவசம் போட்டிருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது கிடைத்தால் நல்லது," என்றார் மதாம்.

2. ஊத்தை

என்னோடு அறையில் இருந்த யோகன் அண்ணைக்குக் கட்டட வேலை. தலைக்குப் போடும் கஸ்க்குக்கு, அந்தப் பாதுகாப்புக் கவசத்துக்கு, உள்ளே கம்பளித் தொப்பி போடுவார்.

"அண்ணை, உங்கடை தொப்பியை ஒருக்காத் தாங்கோ. மதாம் பார்க்கவேணும்."

"இந்த ஊத்தைத் தொப்பியையோ? பொறு, தோய்ச்சுத் தாறன்."

"தோய்க்காதேங்கோ அண்ணை. ஊத்தைதான் வேணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன்னைப் படிப்பிச்ச வாத்தி ஆரடா?"

அவருடைய தொப்பியிலும் அதே இடத்தில் அதே வளையம். கஸ்க்கின் உள்பட்டி அழுத்திய தடம். மதாம் இரண்டையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "இது நிரூபணம் இல்லை. ஆனால் தலையை எப்படிச் செய்வதென்று இப்போது தெரிகிறது," என்றார்.

பக்கங்களை ஒடுக்கி, உச்சியை உருட்டி, மறுபடி தைத்தேன். தொப்பி தானாக உட்கார்ந்தது. ஒரு நூலும் இழுபடவில்லை. கொந்திரா கைக்கு வந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நீங்கள் அதை எப்படிப் போடுவீர்கள் என்று யோசிக்க முதல், அது எங்கே தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். கழுவினால் தடமும் போய்விடும்; தண்ணீரைக் கடைசியாகத் தொடுங்கள்.

யோகன் அண்ணையின் தொப்பி திரும்பவில்லை. ஒப்பிடுவதற்கென்று மதாம் இழுப்பறையில் வைத்துக்கொண்டார். நான் புதிது வாங்கிக் கொடுத்தேன்.

"அந்த ரோமாபுரியானுக்கு ஆர் வாங்கிக் குடுத்தது?" என்று கேட்டபடி அதைக் காது மூட இழுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.