ரோலாவில் ஒரு தொங்குபாலம்

நேற்று மகள் புடாபெஸ்டிலிருந்து வீடியோ காலில் வந்தாள். அவள் படிக்கப் போயிருக்கும் ஊர். பின்னால் அகலமான ஆறு, சங்கிலிகளில் தொங்கும் பழைய பாலம், அதன் வாசலில் கல் சிங்கங்கள். கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன். இருபத்தாறு வயதில் அதே பாலத்தின் முன்னால் நான் நின்றிருக்கிறேன், ஷார்ஜா ரோலாவில்.

சிரிக்காதீர்கள், சொல்கிறேன். முதலில் அவள் சொன்ன கதை. அப்பா இறந்துபோன செய்தி கேட்டுப் புறப்பட்ட ஒரு பிரபு, ஆற்றைக் கடக்க வழியில்லாமல் ஒரு வாரம் இக்கரையிலேயே கிடந்தாராம். அந்த வேதனையில்தான் நிரந்தரப் பாலத்துக்குப் பாடுபட்டாராம். பின்னால் உலகப்போரில் அதைத் தகர்த்தார்கள், மறுபடி கட்டினார்கள். அப்பா இறந்து ஊருக்குப் போக முடியாமல் நின்ற எத்தனை பேரை எனக்குத் தெரியும்! எங்களில் யாரும் பாலம் கட்டவில்லை.

ரோலாவில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்சந்தில் ஒரு ஸ்டுடியோ இருந்தது. உள்ளே போனால் பவுடரும் அத்தரும் பெயின்ட்டும் கலந்த வாசனை. சுவரை மறைத்து ஒரு துணி, துணியில் இந்தப் பாலம். வெள்ளிக்கிழமை லீவில், ரூமில் யார் சட்டை நன்றாக இருக்கிறதோ அதை மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்போம். எந்த ஊர்ப் பாலம் என்று கேட்டால் ஸ்டுடியோக்காரர் ஒரு வாரம் லண்டன் என்பார், மறு வாரம் பாரிஸ்.

ஏசி மெக்கானிக்கான நான் ஒரு படம் எடுத்துத் தூத்துக்குடியில் இருந்த மனைவி ஜெசிந்தாவுக்கு அனுப்பினேன். அதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருக்குமா? 'தினமும் இந்தப் பாலத்தைத் தாண்டித்தான் டியூட்டிக்குப் போகிறேன்' என்று பின்பக்கம் எழுதித் தொலைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து அவள் விசிட் விசாவில் வந்தாள். லீவில் போன நண்பரின் ரூமில் தங்கினோம். மறுநாளே கேட்டாள்.

"ஏங்க, அந்தப் பாலம் எங்க இருக்கு?"

"ரிப்பேர்ல இருக்கு" என்றேன். அடுத்த வாரம் வெயில் என்றேன். கல்யாணமாகி இருபது நாளில் பிரிந்தவர்கள் நாங்கள். எங்களுக்குள் இருந்ததே கடிதங்கள்தான். இந்தப் பொய் உடைந்தால் அவற்றில் ஒன்றையும் நம்பமாட்டாளே என்று பயந்தேன்.

அவள் ஊருக்குத் திரும்ப மூன்று நாள் இருக்கையில் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"அது துணி, ஜெசி. இங்க அப்பிடிப் பாலமே கெடையாது."

அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "போட்டோ வந்த அன்னைக்கே தெரியும். ஆத்துக்கு நடுவுல மடிப்பு விழுந்து கெடக்கு."

"பொறவு ஏன் கேட்ட?"

"பாலத்தத் தாண்டித்தான் டியூட்டிக்குப் போறானான்னு ஒங்கம்மா கேட்டதுக்கு, நானும் ஆமான்னு சொல்லிட்டேன்லா. கோயில்ல எல்லாரும் கேப்பாவ. என்னையும் அங்க நிறுத்தி ஒரு போட்டோ எடுங்க."

அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று மாலையே சிங்கத்துக்குப் பக்கத்தில் இருவரும் நின்றோம். அவளுக்குத்தான் சிரிப்பு அடங்கவில்லை.

அதன் பிறகு கடிதங்களில் எட்டுக் கட்டில், ஒரே பாத்ரூம், மூட்டைப்பூச்சி எல்லாம் எழுதினேன். முதல் கடிதத்துக்கு அவள் பதில் ஒரே வரி: 'இப்பதான் உங்க ரூமுக்குள்ள வந்த மாதிரி இருக்கு.'

ஸ்டுடியோ இருந்த இடத்தில் இன்று மொபைல் கடை. துணி எந்தக் குப்பைக்குப் போனதோ. நானும் ஜெசியும் இப்போது ஒரே வீட்டில் இருக்கிறோம். யாரும் யாருக்கும் கடிதம் எழுதுவதில்லை.