வாக்னர் கோட்டைச் சிப்பாய்களின் நிறம்

முப்பது பொம்மைகளுக்காக என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். கேட்கவில்லை. இன்று வரை கேட்கவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சிலர் இப்போதும், "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தா என்னா கொறஞ்சி போயிருப்ப?" என்கிறார்கள். என்ன குறைந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. அச்சில் களிமண் கூழை ஊற்றுவது, காய வைப்பது, சூளையில் அடுக்குவது எல்லாம் வேறு ஆட்கள். சுட்டெடுத்த பொம்மை வெள்ளை வெளேரென்று என் பலகைக்கு வரும். அதற்கு வர்ணம் தீட்டுவது என் பாடு. கண்ணும் புருவமும் எழுதுவதில் அந்தக் கொட்டகையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. இதைத் தற்பெருமையாக எடுத்துக்கொண்டாலும் சரிதான்.

கம்மாபுரம் பக்கத்து ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறேன். தபால் வழியில் எம்.ஏ. வரலாறு படித்தேன். வாத்தியார் வேலைக்கு எழுதிய பரீட்சைகள் ஒன்றும் கைகூடவில்லை. படித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்க வரலாறு. அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டபோது பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்: "அமெரிக்காக்காரன் சண்டயப் படிச்சி நீ விருத்தாசலத்துல என்னா பண்ணப் போற?"

அந்த நாடு எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அதன் சண்டைகள். ஒவ்வொரு சண்டையும் அதை வேறொரு நாடாக ஆக்கிவிட்டுப் போயிருக்கிறது. விடுதலைப் போரில் சரட்டோகா என்ற ஊரில் ஆங்கிலேயப் படை சரணடைந்தது. அமெரிக்கர்கள் ஜெயிக்கக்கூடியவர்கள் என்று பிரான்சு நம்பிக் கூடச் சேர்ந்தது. விடுதலை கைக்கெட்டியது. உள்நாட்டுப் போர் தொடங்கியபோது நாடு இரண்டாக உடையக் கூடாது என்பதுதான் வடக்கத்தியாரின் பேச்சு. அடிமைகளை விடுவிப்பது பற்றி மேலே இருந்தவர்கள் வாயைத் திறக்கத் தயங்கினார்கள். ஆன்டீட்டம் என்ற ஓடைக்கரையில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் விழுந்தார்கள். தெற்கத்தியப் படை பின்வாங்கியது. அந்த வெற்றியைப் பிடித்துக்கொண்டுதான் விடுதலை அறிவிப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் கறுப்பின ஆண்கள் வடக்கத்தியப் படையில் பெருமளவில் சேர்ந்தார்கள், ஏறக்குறைய ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேர். வெள்ளைச் சிப்பாய்க்குத் தருவதைவிடக் குறைத்துச் சம்பளம் கொடுத்தபோது, அதில் ஒரு படைப்பிரிவு "சமமாகக் கொடுக்கிற வரைக்கும் ஒரு காசும் வேண்டாம்" என்று மறுத்துவிட்டது. சம்பளமே வாங்காமல் சண்டை போட்டார்கள். அந்தப் பக்கத்தைப் படித்த அன்று நான் சாப்பிடாமல் எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டிருந்தேன்.

அதே படைப்பிரிவுதான் வாக்னர் கோட்டை மேல் ஏறியது. தென் கரோலினாக் கடற்கரையில் இருந்த மணல் கோட்டை அது. மேலே பீரங்கி, கீழே திறந்த மணல்வெளி. இவர்கள்தான் முன்வரிசை. கோட்டை பிடிபடவில்லை. செத்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய பாதிப் பேர் போனார்கள். தோற்ற சண்டைதான். ஆனால் "இவர்களுக்குத் துப்பாக்கி கொடுத்தால் ஓடிவிடுவார்கள்" என்று சொன்ன வாய்கள் அந்தச் சாயங்காலத்தோடு அடங்கத் தொடங்கின.

இதெல்லாம் தெரிந்திருந்ததால்தான் வம்பு வந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்பு எங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர் ஒன்று கிடைத்தது. அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்துவதற்கான பொம்மைத் தொகுப்பு. சென்னையில் ஒரு ஏஜெண்ட் மூலமாக வந்தது. எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று காட்டும் கலர் ஷீட்டும் கூடவே வந்தது. அதில் ஒரு காட்சியில் முப்பது சிப்பாய்கள் துப்பாக்கியோடு மணல் சரிவில் ஏறுகிறார்கள். முன்னால் வாளோடு ஒரு அதிகாரி. அடியில் ஆங்கிலத்தில் வாக்னர் கோட்டை என்று போட்டிருந்தது. முகங்கள் அத்தனையும் இளஞ்சிவப்பு.

நான் ஷீட்டை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். நல்ல மனிதர்தான். தொழிலாளி வீட்டுக் கல்யாணம், சாவு எதையும் விட மாட்டார்.

"மொதலாளி, இதுல கலரு தப்பா இருக்குது. இந்தக் கோட்டையில ஏறனவங்க கருப்பு ஆளுங்க. அந்த அதிகாரி மட்டுந்தான் வெள்ளக்காரரு."

அவர் ஷீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, அவங்க நாட்டு சண்ட அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாமத்தான போட்டிருக்காங்க."

அவர் ஷீட்டைத் திருப்பி நீட்டினார். "போன போட்டுக் கேளுங்க" என்று சொல்லி நான் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. கடைசியில் ஏஜெண்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"யாரு சொல்றா இத?"

"நம்ம பெயிண்டிங் செக்ஷன்ல ஒரு பொண்ணு. எம்.ஏ. படிச்சிருக்குது."

"பெயிண்ட் அடிக்கிற பொம்பள அமெரிக்காக்காரனுக்குச் சரித்திரம் சொல்லித் தருதா? ஷீட்ல இருக்கிறத அடிக்கச் சொல்லுங்க சார்."

முதலாளி போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "போய் வேலயப் பாரும்மா" என்றார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் புதிதல்ல. எங்கள் ஊர்ப் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துக்காக நிலம் அளந்தபோது அதிகாரிகள் பாதிக்கப்பட்டவர்கள் பட்டியல் ஒன்று எழுதினார்கள். பட்டா வைத்திருந்தவர்கள் பெயர் அதில் ஏறியது. அந்த நிலத்தில் நாற்று நட்டவர்கள், களை எடுத்தவர்கள், என் அம்மாவைப் போன்றவர்கள் யாரும் அதில் இல்லை. அம்மா போய்க் கேட்டாள். "ஒனக்கு நெலமே இல்லியேம்மா, ஒனக்கு என்னா நஷ்டம்?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். நிலம் போனதோடு அம்மாவின் முப்பது வருஷ வேலையும் இல்லாமல் போனது. அவள் அங்கே வேலை செய்ததற்கு இன்று ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. எழுதாமல் விட்டால் ஆளே இருந்ததில்லை என்று ஆகிவிடும். நிறம் மாற்றித் தீட்டினாலும் அப்படித்தான்.

நான் முதல் தொகுப்போடு என் பலகையில் உட்கார்ந்தேன். காவி, கறுப்பு, கொஞ்சம் சிவப்பு என்று குழைத்தேன். முப்பது முகத்துக்கும் ஒரே நிறம் கொடுக்கவில்லை. எங்கள் கொட்டகையில் இருக்கிற இருபது பேரும் ஒரே நிறமா என்ன? ஒருவனுக்கு மாநிறம், ஒருவனுக்குக் கரிய நிறம். கண்களை மட்டும் எல்லோருக்கும் கோட்டை உச்சியைப் பார்க்கிற மாதிரி எழுதினேன். வாள் வைத்திருந்த அதிகாரியை இளஞ்சிவப்பாகவே விட்டேன். அது உண்மை, அதனால்.

பக்கத்துப் பலகையில் இருக்கும் அக்கா எட்டிப் பார்த்தார். மாதா கோவில் தெருக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் இந்த வேலையில் தூரிகை பிடித்த நாளிலிருந்தே பழக்கம்.

"இன்னா கலரு இது? ஷீட்ல இல்லியே."

"இதான்க்கா சரியான கலரு."

"மொதலாளி சொன்னாரா?"

"இல்ல."

அக்கா உதட்டைப் பிதுக்கிவிட்டுத் தன் பொம்மைக்குத் திரும்பிவிட்டார்.

மறுநாள் காலையில் முதலாளி பார்த்துவிட்டார். அவர் கோபப்பட்டு நான் அதுவரை கண்டதில்லை. கொட்டகையே வேலையை நிறுத்திவிட்டது.

"யார கேட்டு அடிச்ச?"

"ஒங்களக் கேட்டேன். நீங்க ஏஜெண்ட கேட்டீங்க. அவரு சிரிச்சாரு. சிரிச்சா அது பதிலா மொதலாளி?"

"அவரு ஆர்டரு குடுக்கறவரு! இப்பவே அவருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேளு. கேட்டுட்டு முப்பதயும் மாத்தி அடி."

வீட்டில் என் வருமானத்தை நம்பி அம்மாவும் என் மகளும் இருந்தார்கள். அது ஒரு நொடி மனதில் வந்து போனது. ஆனால் வாய் வேறொன்றைச் சொல்லிவிட்டது.

"மாத்தணும்னா வேற யாருகிட்டயாவது சொல்லுங்க. நான் மாத்த மாட்டேன். மன்னிப்பும் கேக்க மாட்டேன். நான் தப்பு பண்ணல."

"அப்ப நாளைக்கி வேலைக்கி வர வேணாம்."

"சரிங்க மொதலாளி. போயிட்டு வரேன்."

தூரிகைகளைக் கழுவி வைத்தேன். அந்த முப்பது பொம்மைகளையும் தட்டோடு தூக்கி அக்காவின் பலகையில் வைத்தார்கள். நான் செருப்பு மாட்டும்போது அக்கா மெதுவாகக் கேட்டார்.

"நெஜமா அவங்க கருப்புதானா?"

"ஆமாங்க்கா."

"சண்டையில செத்துட்டாங்களா?"

"நெறைய பேரு."

அக்கா இளஞ்சிவப்பைக் குழைக்கத் தொடங்கினார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல ஆசைதான். அன்று இருந்தது. பஸ்ஸில் போகும் வழியெல்லாம் அழுதேன். அழுகை பயத்தாலா ஆத்திரத்தாலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். முழுதும் கேட்டுவிட்டு, "அந்தப் பொம்மய வாங்கறவங்களுக்கு ஒரு லெட்டர் எழுதேன். நீதான் படிச்சவளாச்சே" என்றாள்.

வாங்கும் கம்பெனியின் ஈமெயில் அட்டைப்பெட்டி லேபிளில் இருந்தது. அதை நான் போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். மூன்று நாள் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினேன். கெஞ்சவில்லை. இந்தக் கோட்டையில் ஏறியவர்கள் இன்னார், உங்கள் ஷீட்டில் இருப்பது தவறு, உங்கள் பிள்ளைகள் தவறாகப் படிப்பார்கள், இப்படிக்கு விருத்தாசலத்தில் இந்தப் பொம்மைகளுக்குக் கண் எழுதியவள் என்று முடித்தேன்.

பதில் இல்லை. வேறொரு கம்பெனியில், கரண்டு கம்பத்தில் வைக்கும் பீங்கான் கிண்ணங்களுக்குப் பிசிறு துடைக்கும் வேலைக்குப் போனேன். அதில் கண்ணும் இல்லை, முகமும் இல்லை. இரண்டாவது கடிதம் எழுதினேன். மூன்றாவதும் எழுதினேன். மூன்றாவதற்கு இரண்டே வரியில் பதில் வந்தது. சுட்டிக்காட்டியதற்கு நன்றி, சரக்கு ஏற்கெனவே விற்பனைக்குப் போய்விட்டது, அடுத்த தொகுப்பில் கவனிக்கிறோம் என்றார்கள். அடுத்த தொகுப்பு வந்ததா, கவனித்தார்களா, எனக்குத் தெரியாது. அந்த இளஞ்சிவப்புச் சிப்பாய்கள் ஏதோ ஒரு வகுப்பறை மேசையில் இப்போதும் ஏறிக்கொண்டிருக்கலாம்.

நான்கு மாதம் கழித்து முதலாளி ஸ்கூட்டரில் என் ஊருக்கே வந்தார். வாசலில் நின்றபடி, "கொலு சீசன் வருது. கண்ணு எழுத ஆளு இல்ல. எல்லாப் பொம்மயும் மாறுகண்ணா வருது" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த இரண்டு வரியை மட்டும் போனில் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் படித்தார்.

"நன்றின்னா போட்டிருக்கான்?"

"ஆமா."

"ஏஜெண்டுகிட்ட இத நான் காட்டறேன்" என்றார். காட்டியும் விட்டார் என்று அக்கா பிற்பாடு சொன்னார்.

திங்கட்கிழமை பழைய பலகையில் போய் உட்கார்ந்தேன். அக்கா தன் டீயில் பாதியை என் டம்ளரில் ஊற்றினார். பேச்சு பழையபடி தொடங்க ஒரு வாரம் ஆயிற்று.

இப்போதெல்லாம் எழுத்துள்ள ஷீட் எது வந்தாலும் முதலாளி முதலில் என்னிடம்தான் கொண்டுவருகிறார். போன மாதமும் வந்தார்.

"படிச்சிப் பாரு, எதுனா தப்பு இருக்குதான்னு. இருந்தா சொல்லு. நீயா அடிக்காத."

"சொன்னா கேப்பீங்களா?"

"அது அப்பறம் பாக்கலாம்."

"அப்ப நானும் அப்பறம் பாக்கறேன் மொதலாளி" என்று சொல்லிவிட்டு ஷீட்டை வாங்கிக்கொண்டேன்.