பிரசவ கேஸ்

மலாயாவில் வெள்ளைக்காரன் கொடி இறங்கி நம் கொடி ஏறிய சமயத்தில் என் வீட்டுக்காரர் நாகப்பட்டினத்தில் உட்கார்ந்திருந்தார். தாயார் படுத்த படுக்கை என்று தந்தி வந்து, சுதந்திரத்துக்குச் சற்று முன்னால் கப்பலேறிப் போனவர். திரும்பி வர ஒரு பெர்மிட் வேண்டும். மலாக்கா குடிநுழைவு ஆபீஸில் இருந்த துரை, "நீ போ, பெர்மிட்டைப் பின்னாலேயே அனுப்பி வைக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். பெர்மிட் போகவில்லை. துரைதான் பெட்டியைக் கட்டிக்கொண்டு சீமைக்குப் போய்ச் சேர்ந்தார்.

எனக்கு அப்போது ஐந்து மாதம். காஜா பேராங்கில் ஒரு வாடகை அறை, ஓர் அம்மி. மசாலா அரைத்துச் சந்தையில் விற்று வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தேன். தாய் தகப்பன் கிடையாது. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். பிள்ளை பிறக்கும்போது அவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இதைத்தான் புது அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். துரை வாயால் சொன்னது செல்லாது, முதலிலிருந்து மனுப் போடு என்றார். சரி, போட்டேன். ஆட்சி மாறினால் வாயும் மாறும் என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அங்கே குமாஸ்தா வேலையில் ஒரு தமிழ்க் கிராணி இருந்தார். பயந்த மனிதர், ஆனால் கெட்டவர் இல்லை. ஒருநாள் என்னைப் பார்த்ததும், "பைல் அதிகாரி மேசைக்குப் போயிடுச்சும்மா, இந்த வாரம் கையெழுத்தாயிடும்" என்றார். அன்று சந்தோஷத்தில் வீடு வரைக்கும் நடந்தே போனேன்.

அந்த வாரம் பார்த்துத்தானா அந்தப் புண்ணியவான்கள் வந்து இறங்க வேண்டும்? கை மாறுகிற நேரத்தில் மக்கள் மனுக்கள் தேங்கிக் கிடக்கின்றன என்று சட்டமன்றத்தில் யாரோ கேட்க, மேற்பார்வைக்கு ஒரு கமிட்டி போட்டிருந்தார்கள். குடிநுழைவு ஆபீஸைக் கேள்வி கேட்க அவர்களுக்கு அதிகாரம் உண்டா என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது. கோட்டும் சூட்டுமாக வந்தார்கள், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார்கள், ரொட்டி தின்று தேத்தண்ணி குடித்தார்கள். அதில் ஒருவர் நம் ஆள், சட்டமன்ற உறுப்பினர். பண்டார் ஹிலிரில் பெரிய வீடு, மேடையேறினால் மைக்கை விடமாட்டார். வெளியே பெஞ்சில் இருந்த என் வயிற்றைப் பார்த்தார்.

"என்னம்மா விஷயம்?"

சொன்னேன்.

"அடப்பாவமே! கவலையே படாதீங்க. உங்க கேஸை நானே கையில எடுத்துக்கிறேன்."

காலில் விழப் போனேன், வயிறு இடித்தது. சொன்னபடியே கையில் எடுத்துக்கொண்டார் மனிதர். அதிகாரியின் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்த என் பைலை, இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுவாரம் போனபோது கிராணி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பைல் கமிட்டிகிட்ட இருக்கும்மா. அவங்க விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் நாங்க தொட முடியாது."

"அப்ப அவங்க பெர்மிட் குடுப்பாங்களா?"

"அவங்களுக்குக் குடுக்க அதிகாரம் இல்லம்மா. ஏன் குடுக்கலன்னு கேக்கத்தான் அதிகாரம்."

"அப்ப கேக்கச் சொல்லுங்க!"

"கேட்டாங்களே. பைல் உங்ககிட்டதான் இருக்குன்னு பதில் எழுதிட்டோம்."

நான் சிரித்தேன். அழுதிருந்தால் அந்த பெஞ்சிலேயே பிரசவம் ஆகியிருக்கும். என்னோடு பெஞ்சில் காத்திருந்த புக்கிட் ரம்பாய்க்காரர் கமிட்டி வந்த அன்று வாயே திறக்கவில்லை. எனக்கு மாதம் நிறைவதற்குள் அவர் தம்பி பெர்மிட் வாங்கி, கப்பலேறி வந்து, வேலைக்கும் போக ஆரம்பித்துவிட்டான். வாயைத் திறந்து முறையிட்டவள் நான் ஒருத்திதான்.

வலி எடுத்த அன்று பக்கத்து வீட்டு அக்காதான் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பெண். நெற்றியில் திருநீறு இருக்கும், பேச்செல்லாம் மலாய். "தெரான்! தெரான்!" என்று அவள் கத்தக் கத்த நான் முக்கினேன். முக்கும்போதுகூட என் கண் கதவின் மேல்தான் இருந்தது. பெண் பிறந்தாள்.

உறுப்பினரின் வீட்டுக்கு நடையாய் நடந்தேன். முதலில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன், பிறகு இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு தடவையும் அவர் சம்சாரத்திடம், "பிரசவ கேஸ் வந்திருக்கு, பிஸ்கட் குடு" என்பார். பைலுக்கு அவர் வைத்த பேர் அது.

"ஐயா, பைலைத் திருப்பிக் குடுத்தாலே போதும். வேற ஒண்ணும் வேணாம்."

"எப்படிம்மா? உங்க கேஸ்தான் எங்க அறிக்கைக்கே உயிர்."

அறிக்கை வாசிக்கிற நாளில் அக்காவையும் கூட்டிக்கொண்டு சட்டமன்றத்துக்குப் போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தேன். உறுப்பினர் மலாயில் முழங்கினார். சந்தை மலாய் தெரிந்த எனக்கே நன்றாகப் புரிந்தது. "இதோ, இந்த நிமிஷத்திலும் ஒரு கர்ப்பிணிப் பெண் கணவனுக்காகக் கண்ணீரோடு காத்திருக்கிறாள்!" எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். கர்ப்பிணியாம், மண்ணாங்கட்டி! என் மகள் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று அதைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து, "அந்தக் கர்ப்பம் இதோ நிக்குது, பாருங்க!" என்று தமிழில் கத்தினேன். காவலாளி வந்து, குழந்தையோடு சத்தம் போடக்கூடாது என்று எங்களை வெளியே கொண்டுபோய் விட்டான். கத்தியது குழந்தைதான் என்று அவன் நினைத்திருக்க வேண்டும்.

அப்புறம் தேர்தல் வந்தது. மன்றமும் கலைந்தது, கமிட்டியும் கலைந்தது. கேட்பாரில்லாமல் பைல் ஆபீஸுக்குத் திரும்பி வந்தது. கிராணி அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் வாங்கி வைத்த காப்பி ஆறுவதற்குள் கையெழுத்தோடு வெளியே வந்தார். இவ்வளவுதானா? இதற்கா நான் செத்துச் செத்துப் பிழைத்தேன்? கிராணிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

என் வீட்டுக்காரர் கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி மலாக்காவுக்கு பஸ்ஸில் வந்தார். பஸ் நிலையத்தில் எங்களுக்கு முன்னால் உறுப்பினர் நின்றுகொண்டிருந்தார். கையில் மாலை, பக்கத்தில் போட்டோக்காரன், பின்னால் ஓட்டுக் கேட்கிற பரிவாரம். யார் சொன்னார்களோ, மூக்கில் வேர்த்துவிட்டது. என் வீட்டுக்காரர் இளைத்து, கறுத்து, தலையெல்லாம் நரைத்து இறங்கினார். ஒன்றும் தெரியாத மனிதர், மாலையைப் பார்த்ததும் உறுப்பினரைக் கும்பிட்டு, "ஐயா புண்ணியம்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

பிறகு மகள் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். அவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லும்படி நான் பழக்கியிருந்தபடியே கைகூப்பி, "வாங்க மாமா" என்றாள்.

கூட்டம் சிரித்தது. உறுப்பினர் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தார். "அட, எவ்வளவு மரியாதையான பிள்ளை!" என்று சொல்லிக்கொண்டே போட்டோக்காரனைப் பக்கத்தில் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் நீட்டிய கையை மெல்ல மடக்கி, தானும் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டார்.