தண்ணீர்ப் பாம்பு சாப்பிட்ட நாள்

எழுபதுகளின் கடைசியில் வேலூரில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் நான் டியூட்டராக இருந்தேன். அங்கே அட்டெண்டராக இருந்தவர் ஒல்லியான மனிதர். செத்த உயிர்களைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் பட்டுப் பட்டு அவருடைய விரல்தோல் வெளுத்து வெடித்திருக்கும். கண்ணாடித் தொட்டிகளைத் துடைக்கும்போது உள்ளே இருக்கும் உயிர்களோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருப்பார்.

மாதனூர் ஏரியில் பிடித்து வந்த தண்ணீர்ப் பாம்பு ஒன்று மூன்று வாரமாக எதையும் தொடவில்லை. தவளையை உள்ளே விட்டால் தலையைத் திருப்பிக்கொண்டது. "சனிக்கிழமைக்குள்ள சாப்பிடலன்னா ஃபார்மலின் பாட்டில்ல போட்டுடு," என்று துறைத் தலைவர் அட்டெண்டரிடம் சொல்லிவிட்டார்.

அட்டெண்டர் தொட்டியை ஆள் நடமாட்டமில்லாத மூலைக்கு மாற்றி, ஈரச் சாக்கால் மூடினார். சின்னக் கெண்டைமீனை நூலில் கட்டி, பாம்பின் முன்னால் மெல்ல ஆட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நின்றார். வெள்ளிக்கிழமை மத்தியானம் அது மீனைக் கவ்வி விழுங்கியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் ஓடிப்போய்த் தலைவரிடம் சொன்னேன்.

"அப்படியா? வயித்துல மீனோட இருந்தா பசங்களுக்கு அறுத்துக் காட்டலாம். இன்னிக்கே குளோரோஃபார்ம் குடுக்கச் சொல்லுங்க," என்றார்.

அந்த வேலையும் அட்டெண்டருடையதுதான். முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தவரிடம், "நான் சொல்லாம இருந்திருக்கணும்," என்றேன்.

"நீங்க இன்னா சார் பண்ணுவீங்க? சந்தோஷத்துல சொல்ட்டீங்க."

குரலில் கோபமே இல்லை. ஆனால் அதன்பிறகு நான் அங்கே இருந்த நான்கு வருஷத்தில், எந்த உயிர் சாப்பிட்டது, எது சாப்பிடவில்லை என்று அவர் என்னிடம் சொன்னதே இல்லை.