நெஞ்சின் மேல் போட்ட பழி

உயரத்துக்கு நான் பயப்படுகிறவள் இல்லை. விமானத்தில் ஜன்னலோர இருக்கைதான் கேட்டு வாங்குவேன். ரோலர்கோஸ்டரில் ஏறி உட்கார்ந்ததும் மடிமேல் ஒரு கம்பி இறங்கி 'டக்' என்று பூட்டிக்கொள்கிறதே, அதற்குத்தான் பயம். அதன்பிறகு வேண்டாம் என்றாலும் இறக்கிவிட மாட்டார்கள். கத்தினால், ஜாலியாகக் கத்துகிறாள் என்று நினைப்பார்கள்.

இதை வெளியே சொல்லியிருக்கலாம். ஆனால் அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் பிளெய்ன்ஸ்பரோவில், எங்கள் நான்கு தமிழ்க் குடும்பங்களும் ஒவ்வொரு கோடையிலும் ஒன்றாகத்தான் தீம் பார்க்குக்குப் போவோம். பயம் என்று ஒருத்தி வாய்தவறிச் சொன்னால் அடுத்த கோடைவரை வாட்ஸ்அப் குழுவில் அவளை ஓட்டித் தள்ளிவிடுவார்கள். நோய் என்றால் மறுபேச்சு கிடையாது. நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் பாட்டிலையும் கையில் கொடுப்பார்கள். நம் ஆட்களிடம் நோய்க்கு இருக்கும் மரியாதை பயத்துக்குக் கிடையாது.

அதனால் போன கோடையில் தோழி என் கையைப் பிடித்து ரோலர்கோஸ்டர் வரிசைக்கு இழுத்தபோது, இதய நோய் உள்ளவர்கள் ஏறக்கூடாது என்று வாசலில் இருந்த எச்சரிக்கைப் பலகையைக் காட்டினேன்.

"எனக்கு ஹார்ட்ல கொஞ்சம் ப்ராப்ளம் இருக்கு. டாக்டர் இதெல்லாம் கூடாதுன்னுட்டார்."

கூசாமல் சொன்னேன். தோழியின் முகம் வாடிவிட்டது. எல்லோருடைய பைகளுக்கும் நான் காவல் என்று முடிவானது. என் பத்து வயது மகள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். தமிழில் பதில் சொல்லமாட்டாளே தவிர, ஒரு வார்த்தை விடாமல் புரியும். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அவளும் போகமாட்டேன் என்று அடம்பிடித்தாள். காலையில் காரில் வழி முழுக்க அந்த ரைடைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தவள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்று எல்லோர் முன்னாலும் திட்டி, அவள் அப்பாவோடு வரிசைக்குத் தள்ளிவிட்டேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

இறங்கியதும் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லிட்டிருந்தது. ரைடுக்குப் பயமில்லையாம். நான் மயங்கி விழுந்தால் பக்கத்தில் யாரும் இல்லையே என்றுதான் பயமாம்.

"ஐ கெப்ட் லுக்கிங் ஃபார் யூ ஃப்ரம் தி டாப்" என்றாள்.

அங்கேயே உண்மையைச் சொன்னேன், தோழியின் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தி. அந்த நேரத்திலும் எனக்கு அந்தக் கவலை, வெட்கக்கேடு.

"அம்மாக்கு ஒண்ணும் இல்லடா. பயம், அவ்ளோதான். சும்மா பொய் சொன்னேன்."

அவள் அழவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. மணிக்கட்டை விட்டுவிட்டு, போய் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டாள்.

போன மாதம் எனக்கு நிஜமாகவே காய்ச்சல். போர்வைக்குள் சுருண்டு கிடந்தேன். பள்ளி விட்டு வந்தவள் அறை வாசலில் நின்று என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தெர்மாமீட்டரை எடுத்துவந்து வைத்து, எண் என்ன காட்டுகிறது என்று பார்த்தாள். அதற்கப்புறம்தான் என் நெற்றியைத் தொட்டாள்.